பீச்சாங்கைப் பக்கம்

இடது பக்க விளக்கு இன்னும் கண்ணடித்துக்கொண்டுதான் இருந்தது. டிக், டிக், டிக் என்று அந்தச் சத்தம் ஸ்கூட்டரின் வயிற்றுக்குள்ளிருந்து கிளம்பி, சீட்டின் இரும்பு வழியாக ஏறி, மயிலாத்தாளின் தொடையெலும்பில் வந்து தட்டியது. பல்லடத்தில் பெட்ரோல் பங்குக்குள் திரும்புவதற்காகப் போட்டது. பங்க் போய், நூல் மில் போய், இரண்டு கோழிப்பண்ணை போய், ஒரு மாரியம்மன் கோயிலும் போயாகிவிட்டது. நாச்சிமுத்து அதை அணைக்கவே இல்லை. மனுஷனுக்கு இடது காது மந்தம். முப்பது வருஷம் விசைத்தறிக் கொட்டகைக்குள் நின்ற காது, அதற்கு மேல் ஹெல்மெட் வேறு. ஏனுங்க, விளக்கு எரியுதுங்க. மூன்றே வார்த்தைதான், சொல்லிவிடலாம். ஆனால் விளக்கைப் பற்றிப் பேசினால், பதினோரு வருஷம் செத்துக் கிடந்த விளக்கு திடீரென்று எப்படி உயிர் பெற்றது என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சு வந்தால் தை மாதம் வரும், தை மாதம் வந்தால் அந்த ரோட்டுப் பிரிவு வரும். ஒரு இழையை இழுத்தால் மொத்தப் பாவும் கழன்று கையோடு வந்துவிடும் என்பது தறிக்காரன் பெண்டாட்டிக்குத் தெரியாதா. அவள் வாயை மூடிக்கொண்டு, மடியிலிருந்த மஞ்சள் துணி மூட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும். இடது கை மூட்டைக்கு அடியில் இருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்த்தும் கொண்டாள். இருந்தது.

மூட்டையில் நவதானியம், ஒரு விரலி மஞ்சள், கொஞ்சம் சில்லறைக் காசு, வேப்பங்கொத்து. மகள் கோகிலா குண்டடத்துக்கு இந்தப் பக்கம் வீடு கட்டுகிறாள், இன்றைக்கு வாசக்கால் வைக்கிறார்கள். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்று நேரம் குறித்தாயிற்று. தாய் வீட்டு மூட்டையைக் கட்டாமல் நிலையை நிறுத்தமாட்டோம் என்று மருமகன் வேறு பெரிய மனசாகச் சொல்லிவிட்டான். பஸ்ஸில்தான் போவதாக இருந்தது. ஏழு மாதமாக மகள் வீட்டுக்கு பஸ்ஸில்தான் போகிறார்கள். வண்டியில் போனால் முதுகு வலிக்கிறது என்று நாச்சிமுத்து சொன்னார். எனக்குந்தானுங்க என்று அவளும் ஒத்து ஊதினாள். அவள் சொன்னது பொய். அவர் சொன்னதும் பொய்யாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது, ஆனால் கேட்கவில்லை. ஆவணி முகூர்த்தம், வந்த மூன்று பஸ்ஸும் படியில் ஆள் தொங்கத் தொங்க நிற்காமல் போயின. அவர் மணியைப் பார்த்தார். அவள் மணியைப் பார்த்தாள். பிறகு அவர் வீட்டுக்கு நடந்து போய் வண்டியை எடுத்து வந்தார். ஏறி உட்காரும்போது அவளுக்குக் கால் நடுங்கியது. வயசாச்சில்ல என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஐம்பத்து மூன்றுக்குக் கால் நடுங்குமா என்று உள்ளே யாரோ கேட்டார்கள். இந்த உள்ளே கேட்கிற ஆளுக்கு ஏழு மாதமாக வேறு வேலையே இல்லை.

சாலை நேராகப் போனது. அவள் எப்போதும் போல ஒருபக்கமாக, இடப்புறம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு உலகம் எப்போதுமே இடப்பக்கம்தான். சோளக்காடு, கிணறு, கம்பிவேலி, ஆடு, மறுபடி சோளக்காடு. வலப்பக்கம் நடப்பதெல்லாம் முதுகுக்குப் பின்னால் நடக்கும், சத்தமாக மட்டும் வரும். கல்யாணமான புதிதில் நாச்சிமுத்து லைசென்ஸ் எடுக்கப் போனபோது, இடது பக்கம் திரும்ப எப்படிக் கை காட்டுவாய் என்று அதிகாரி கேட்டாராம். இவர் இடது கையை நீட்டியிருக்கிறார். ஓட்டுகிறவன் இடது கையை வெளியே போடக்கூடாது, வலது கையையே நீட்டி இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும் என்று திட்டி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று சுற்றிக் காட்டினார். மாவாட்டற மாதிரி இருக்குதுங்க என்று அவள் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. அன்றைக்கு ஏற்பட்ட ஒப்பந்தம்தான். வலது பக்கம் திரும்பினால் அவர் கை, இடது பக்கம் திரும்பினால் அவள் கை. சோற்றில், சொத்தில், பேச்சில் எல்லாம் அவர் பங்கு பெரிது, ரோட்டில் மட்டும் சரிபாதி. திரும்புவதற்கு முன்னால் அவர் தலையைத் திருப்பாமல் ‘கை’ என்பார். அவள் பீச்சாங்கையை நீட்டுவாள். விளக்கு கெட்டுப்போனபோது சரிசெய்ய அவருக்குத் தோன்றவே இல்லை, எதற்கு, பெண்டாட்டி இருக்கிறாளே. முப்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை நீட்டியிருப்பாள். பஸ், லாரி, மாட்டுவண்டி எல்லாம் அவள் கைக்குக் கட்டுப்பட்டு நின்றிருக்கின்றன. அதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது. வேறு எதற்கு யார் நின்றார்கள் அவளுக்கு.

கழுத்தைத் திருப்பினால் பின்னால் பார்க்கலாம். பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தாள், ஆனால் பார்த்துவிட்டாள். ஒரு மோட்டார் சைக்கிள். பட்டப்பகலில் முன்விளக்கு எரிகிறது. இப்போது வருகிற வண்டியெல்லாம் அப்படித்தான், சாவியைப் போட்டாலே எரியும், அதில் ஒன்றுமில்லை. ஓட்டுகிறவன் ஹெல்மெட் போட்டிருந்தான், கண்ணாடி கறுப்பு, முகம் தெரியவில்லை. அதிலும் ஒன்றுமில்லை. மறுபடி சோளக்காட்டைப் பார்த்தாள். ஒரு கிணறு போனது, ஒரு செங்கல் சூளை போனது. திரும்பிப் பார்த்தாள். அதே தூரத்தில் அதே விளக்கு. இவர் ஓட்டுகிற முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் நடந்து போகிறவனே முந்திவிடுவான், இவன் ஏன் முந்தவில்லை. ரோடு காலி. எதிரே ஈ காக்கை இல்லை. இவன் எதற்காகவோ காத்திருக்கிறான் என்று தோன்றியது. தோன்றியதுமே எதற்காக என்றும் தெரிந்துவிட்டது. அவள் கைக்காக. போ என்றோ இரு என்றோ அவள் கை சொல்ல வேண்டும், அதுவரை வருவான். மூட்டைக்கு அடியில் இடது கை வேர்த்தது. விளக்கு எரிவதால்தான் அவன் குழம்புகிறான், இடது பக்கம் திரும்பப்போகிறார்கள் என்று நினைத்துப் பின்தங்கி வருகிறான், அவ்வளவுதான் என்று புத்தி சொன்னது. புத்தி சரியாகத்தான் சொன்னது. ஆனால் அது டிக் டிக் சத்தத்தை விட மெதுவாகச் சொன்னது.

அன்றைக்கு வந்தவன் ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. போட்டிருந்தால் முகம் தெரிந்திருக்காது, நிம்மதியாகப் போயிருக்கும். தை மாதம், காலை பத்து மணி, வேப்பங்காட்டுப் பிரிவு. கோகிலா வீட்டுக்கு அங்கேதான் இடது பக்கம் திரும்ப வேண்டும். திரும்புகிற இடத்துக்குச் சற்று முன்னால் ரோடு வளையும், எதிரே வருவது கிட்டத்தில் வந்தால்தான் தெரியும். மடியில் தயிர்த் தூக்கு. மூடி சரியில்லை, ஒவ்வொரு வேகத்தடைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து மணிக்கட்டு வரை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. அவர் ‘கை’ என்றார். நீட்டினாள். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, மேலும் கீழுமாக இரண்டு தடவை. மெல்ல வா, நாங்கள் திரும்புகிறோம் என்று அர்த்தம். பின்னால் சிவப்புச் சட்டை போட்ட பையன். வேகமாக வரவில்லை. இதை அவள் எந்தச் சாமி முன்னாலும் சூடம் அணைத்துச் சொல்லுவாள், அவன் வேகமாக வரவில்லை. அவள் கையைப் பார்த்தான். அப்போது தயிர் விரல் வழியாக ஒழுகி முழங்கைப் பக்கம் திரும்பியது, புதுப்புடவை, அவள் விரலை உதறினாள். இரண்டே உதறல். அந்தப் பையன் அவளைப் பார்த்துச் சிரித்தான். சரிங்கம்மா என்பது மாதிரி தலையைக்கூட ஆட்டினான். பிறகு அவர் முதுகுக்கு அந்தப் பக்கம், வலப்பக்கம் போனான், அதாவது அவள் கண்ணைவிட்டுப் போனான். சத்தம் மட்டும் வந்து முதுகில் விழுந்தது. எதிரே வந்தது கோழி ஏற்றிய வண்டி. வெகுநேரம் மேலேயிருந்து வெள்ளை இறகு இறங்கிக்கொண்டே இருந்தது. ஆட்கள் ஓடிவந்தார்கள், யாரோ ஆம்புலன்ஸுக்குப் பேசினார்கள், அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கோகிலா வீட்டுக்குப் போய்க் கை கழுவும்போதுதான் பார்த்தாள், தயிர்ப் பிசுக்கில் ஒரு இறகு இடது உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. தண்ணீரில் எளிதில் போகவில்லை. நகத்தால் சுரண்டித்தான் எடுத்தாள். இப்போதும் அந்த இடத்தில் ஒரு லேசான குறுகுறுப்பு இருக்கிறது. வேறு யார் தொட்டுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

கவின்குமார். இருபத்திரண்டு. பிரிவில் இருக்கும் பஸ் நிழற்குடைச் சுவரில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தார்கள். பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்ப்பாள், பார்க்காமல் இருக்கத்தான் கண்ணை மூடுவாள், சரியாக அந்த இடத்தில் கண் திறந்துகொள்ளும். ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம். ஒரு கையைத் தூக்கி யாரையோ பார்த்து ஆட்டிக்கொண்டு நிற்கிறான். வரச்சொல்கிறானா, போய்வா என்கிறானா தெரியாது. வெயிலில் சிவப்பெல்லாம் வெளுத்து, சித்திரையில் முகம் போய்விட்டது, ஆனியில் பெயர் போய்விட்டது, கை மட்டும் நீலமாக நின்றது. கை காட்டுவதில் என்ன பெரிய சாஸ்திரம் இருக்கிறது என்று அதற்கு முன்னால் அவள் யோசித்ததே இல்லை. யோசித்தால் தலை சுற்றியது. உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து விரலை மடக்கினால் ‘வா’. அதையே மடக்காமல் மேலும் கீழும் ஆட்டினால் ‘மெல்ல’. அதையே வெளிப்பக்கம் உதறினால் ‘போ’. மூன்றுக்கும் நடுவில் ஒரு விரல்கடைதான் இடைவெளி. வீட்டில் வேறு யாரும் இல்லாத மத்தியானங்களில், லீவுக்கு வந்திருந்த பேரனைக் கூப்பிட்டு வைத்துச் செய்து பார்த்தாள். ‘வா’ காட்டினாள், ஓடிவந்தான். ‘மெல்ல’ காட்டினாள், அதற்கும் ஓடிவந்தான். ‘மெல்ல’ காட்டி உதறினாள். பிள்ளை நடுவீட்டில் அப்படியே நின்று, அம்மாயி நான் வரட்டுமா போகட்டுமா என்று கேட்டு அழ ஆரம்பித்துவிட்டது. பீரோக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, தலையை மட்டும் திருப்பி, பின்னால் வருகிறவனுக்குத் தன் கை எப்படித் தெரியும் என்று பார்த்தாள். கண்ணாடியில் நின்றவளும் கையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்தபோது அந்தக் கை இவள் சொல்லி ஆடுவதாகவே தெரியவில்லை. அதிலும் பீச்சாங்கை. ஒரு ஆளைப் பீச்சாங்கையால் போகச் சொல்வது என்ன ஒரு அவமரியாதை. அதையும் சிரித்து வாங்கிக்கொண்டு போனானே.

யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை, அதுதான் பெரிய கொடுமை. போலீஸ்காரர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நாச்சிமுத்துவிடம் கேட்டார், பையன் வேகமா வந்தானா என்று. ஆமாங்க, நல்ல வேகமுங்க என்று இவர் சொன்னார். கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவருக்குத் தெரியும். கண்ணாடியில் அவள் கையைப் பார்த்திருக்கிறார், கட்டியவளைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார். அதற்குப் பதினாறாம் நாள், ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியைக் கொண்டுபோய் இரண்டு பக்க விளக்கையும் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். நல்லா இருக்குதா என்று கேட்கவில்லை. அவளைப் பார்க்கவே இல்லை. டிக், டிக், டிக். அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கா தெரியாது. இனி உன் கை வேண்டாம் என்று அர்த்தம். கொலைகாரி என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் காலில் விழுந்து அழுது தீர்த்திருப்பாள். இந்த மனுஷன் ஒயர் இழுத்துச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ‘கை’ என்ற சொல்லே அவர் வாயில் வருவதில்லை. கை கழுவப் போகும்போதுகூட, தண்ணி ஊத்து என்கிறார். வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டார், கேட்டால் வலி என்கிறார். தறிக் கொட்டகையில் தூரத்தில் இருப்பவனைக் கையசைத்துக் கூப்பிடாமல் நடந்தே போய்த் தோளைத் தொடுகிறாராம், மச்சானுக்கு என்னமோ ஆயிருச்சு என்று அவள் தம்பி வந்து சொன்னான். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பேரன் பஸ் ஜன்னலிலிருந்து டாட்டா காட்டுகிறான், இவர் மரம்போல நிற்கிறார். பிள்ளை கை ஓயும் வரை ஆட்டிவிட்டு முகம் வாடி உள்ளே இழுத்துக்கொள்கிறது. பெண்டாட்டி கை மேல் வந்த வெறுப்பு உலகத்தில் எல்லாக் கை மேலும் பரவிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அழுகையாக வந்தது. அப்போது வந்தது, இப்போது நினைக்கும்போதும் வந்தது.

காத்தாடிகள் தெரிய ஆரம்பித்தன. காற்றாலை என்று படித்தவர்கள் சொல்வது. இந்தப் பக்கத்தில் காட்டுக்குக் காடு நிற்கும், வெள்ளை வெள்ளையாக, மூன்று கையோடு. ஆவணிக் காற்று, எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. ரோட்டிலிருந்து பார்த்தால் அவற்றின் முதுகுதான் தெரியும், முதுகுப் பக்கமிருந்து பார்த்தால் சுற்று இடஞ்சுழி. கையை இடஞ்சுழியாகச் சுற்றினால் இடது பக்கம் திரும்புவதாக அர்த்தம் என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் அடுப்படியில் நின்று ஒருவர் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றுகொண்டு அத்தனையும் அதையே சொல்லின. திரும்பு, திரும்பு. அவள் வேப்பங்கொத்தைப் பார்த்தாள். நவதானியத்தைத் துணியோடு சேர்த்து விரலால் பிசைந்தாள், இது எள், இது உளுந்து, இது துவரை. பின்னால் வண்டிச் சத்தம் அதே சத்தமாக வந்தது, கூடவுமில்லை, குறையவுமில்லை. முன்னால் நாச்சிமுத்துவின் முதுகு விறைத்திருப்பது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. அவரும் பார்த்திருக்கிறார். பார்க்காமல் எப்படி இருப்பார், கண்ணாடி எதற்கு இருக்கிறது. கடைசியில் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, பின்னால ஒருத்தன் வர்றானா என்று கேட்டார். வர்றானுங்க என்றாள். எவ்வளவு நேரமா என்றார். ரொம்ப நேரமாங்க என்றாள். அவர் வேகத்தைக் குறைத்தார். பின்சத்தமும் குறைந்தது. கூட்டினார், கூடியது. முன்பென்றால் இந்நேரம், கையக் காட்டி அவனைப் போகச் சொல்லு என்று அதட்டியிருப்பார். சொல்லவில்லை. சொல்லிவிடுவாரோ என்று பயந்தாள், சொல்லமாட்டேன் என்கிறாரே என்றும் பயந்தாள்.

இடது கை மரத்துப்போயிருந்தது. இது கொஞ்ச நாளாக நடப்பதுதான். மத்தியானம் கண் அயர்ந்து எழுந்தால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தொட்டால் வேறு யாருடைய கையோ போல இருக்கும். இப்போது மூட்டைக்கு அடியில் அது மெல்ல நகர்வதாகத் தோன்றியது. ஒரு விரல் வெளியே எட்டிப் பார்த்தது. பிரிவு வருகிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. கோழிப்பண்ணை நாற்றம் வந்தது, பிறகு பனைமரம் இரண்டு, பிறகு வளைவு. இந்த வரிசை அவளை விடக் கைக்கு நன்றாகத் தெரியும். மாரியாத்தா, இதைப் பிடி என்று வேண்டிக்கொண்டு வலது கையால் இடது மணிக்கட்டை இறுக்கினாள். மகள் வாசக்காலுக்குக் கட்ட வேண்டிய மூட்டையை இந்தக் கையாலா கட்டுவது என்று இதுவரை வராத ஒரு நினைப்பு இப்போது வந்தது. வந்ததும் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அதுவே நின்றது. நாலு தலைமுறை நுழைந்து புறப்படுகிற நிலைக்கு ஒருவனை வழியனுப்பிய கை முடிச்சுப் போடுவதா. சொல்லாமல் கட்டினால் அது ஒரு பாவம், சொல்லிவிட்டால் இந்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பது. மணி ஒன்பதேகால் இருக்கும். இன்னும் ஒரு பர்லாங்கு. நிழற்குடைச் சுவர் தெரிந்தது, அதில் நீலமாக ஒரு கறை தெரிந்தது.

நாச்சிமுத்து கியரைக் குறைத்தார். டிக், டிக் என்று விளக்கு, அது பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தது. பின்னால் அந்த வண்டி நெருங்கி வந்தது. எதிரே வளைவுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பெரிய வண்டியின் ஹாரன் கேட்டது. அப்போது அவர் வலது கை ஆக்சிலேட்டரை விட்டு எழுந்தது. பக்கவாட்டில் இருந்தாலும் அவள் அதை உணர்ந்தாள், வண்டி ஒரு கணம் தொய்ந்தது. திரும்பப்போவது இடது பக்கம், இவர் எதற்கு வலது கையை எடுக்கிறார் என்று கழுத்தை வளைத்து அவர் தோளுக்கு மேலே பார்த்தாள். கை காற்றில் நின்றது. இடுப்பு உயரத்தில், உள்ளங்கை முன்னோக்கி, ஒருவனை முன்னால் போகச் சொல்ல விரிகிற கை. பிறகு நெருப்பில் பட்டதுபோல் வெடுக்கென்று இழுத்து அதைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். வண்டி ஒற்றைக் கையில் ஆடி, மண் பக்கம் இறங்கி, ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. எஞ்சின் அணைந்தது. விளக்கு அணையவில்லை. எதிரே ஒரு தண்ணீர் லாரி வளைவில் திரும்பி, அவர்களைத் தாண்டி, தன் பாட்டுக்குப் போயிற்று. பின்னால் வந்தவனும் நின்றுவிட்டான்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். தலைமுடி வேர்வையில் ஒட்டியிருந்தது. திரும்பவில்லை. நிழற்குடைச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அன்னிக்கு அந்தப் பையனப் போகச் சொன்னது நாந்தான், மயிலா.”

அவளுக்கு முதலில் புரியவில்லை.

“பின்னாடியே வந்தான். நாம திரும்பறதுக்கு நேரமாகும், பாவம் எதுக்கு நிக்கோணும்னு, போ கண்ணுன்னு கையக் காட்டுனேன். எதுக்கால வண்டி வர்றத நான் பாக்கல. போலீஸ் கேட்டப்ப வேகமா வந்தான்னுட்டேன். அவன் வேகமா வரவேயில்ல.” மணிக்கட்டுக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். “இந்தக் கைய வெட்டிப் போட்டர்லாம்னு இருக்குது.”

மயிலாத்தாளுக்குள் ஏழு மாதமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று சட்டென்று அவிழ்ந்தது. உள்ளதைச் சொன்னால் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கேவலமான சந்தோஷம்தான், ஆனால் சந்தோஷம். அவள் இல்லை. அவன் பார்த்துச் சிரித்தது அவளை இல்லை, அவர் கையைப் பார்த்துத்தான் தலையாட்டியிருக்கிறான். வலப்பக்கம் நடந்தது வலப்பக்கத்தோடு போயிற்று. அந்த விளக்கு அவளைக் குற்றம் சொல்ல வந்ததில்லை, அவருடைய கைக்குப் பயந்து வந்தது. கயிறும் அதற்குத்தான், பேரனுக்கு டாட்டா காட்டாததும் அதற்குத்தான். இனி ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை. அய்யோ பாவம், தெரியாம நடந்ததுங்க என்று அவர் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு, வாங்க நேரமாச்சு என்று சொன்னால் போதும், இனி தூங்கலாம். இடது கையைப் பார்த்தாள். அது மடியில் சாதுவாகக் கிடந்தது. உள்ளங்கையில் அந்த இடம் மட்டும் குறுகுறுத்தது. அவன் கண் அவள் கண்ணைப் பார்த்ததே. முதலில் பார்த்தானே. அது எங்கே போகும்.

பின்னால் அந்த மோட்டார் சைக்கிள் முப்பதடி தள்ளி நின்றது. முன்விளக்கு எரிந்தபடியே இருந்தது. கறுப்புக் கண்ணாடியை அவன் தூக்கவில்லை. இருவரும் திரும்பிப் பார்ப்பதைப் பார்த்ததும் அவன் ஒரு கையை எடுத்து நீட்டினான். உள்ளங்கை கீழே பார்க்க, மேலும் கீழுமாக ஒரு தடவை, இரண்டு தடவை. கடைசியில் விரல்களில் ஒரு சின்ன அசைவு.

“என்னங்கறான் அவன்?” நாச்சிமுத்து கேட்டார். “வாங்கறானா? போங்கறானா?”

அவள் பார்த்தாள். முப்பது வருஷம் கை காட்டியவள், அந்தக் கையை தோளிலிருந்து விரல் நுனி வரை பார்த்தாள். தெரியவில்லை. இருங்கள் என்கிறானா, நான் போய்க்கொள்ளட்டுமா என்று கேட்கிறானா, கிட்டே வா என்கிறானா. அவள் கை கீழே போனால் அது ஒரு பதிலாகிவிடும், மேலே போனால் இன்னொரு பதிலாகிவிடும். ஒரு கைக்கே இந்தப் பாடு. அந்தப் பிள்ளைக்கு ஒரே வண்டியிலிருந்து, கண் மூடித் திறக்கும் நேரத்தில், எத்தனை கை தெரிந்தது என்று அவள் எண்ணிப் பார்த்தாள். எண்ணியதும் வாயை மூடி வைத்திருக்க முடியவில்லை.

“ஏனுங்க,” என்றாள். “அன்னிக்கு என்ற கையும் வெளியதான் இருந்துச்சுங்க.”

அவர் மெல்ல அவள் பக்கம் திரும்பினார். ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

“உன்ற கை என்ன சொல்லுச்சு?”

“மெல்ல வான்னு சொல்லுச்சுங்க. தயிர் ஒழுகுச்சுன்னு அப்பறம் உதறிட்டேன்.”

ஹெல்மெட் அவர் பிடியிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கக் குனியவில்லை. பின்னால் நின்றவன் கையை இறக்காமல் பதிலுக்காகக் காத்திருந்தான். அவர் வலது கை கக்கத்தில் இருந்தது, அவள் இடது கை மூட்டைக்கு அடியில் இருந்தது, இடது பக்க விளக்கு மட்டும் டிக், டிக் என்று சொல்லிக்கொண்டிருந்தது.